களைக்கொத்தி, மருந்து, புதுப் புல்: ராமமூர்த்தி நகரில் ஒரு கோரைச் சண்டை

வீடு கட்டியதுபோக முன்பக்கம் மிஞ்சிய இடம் 20-க்கு 15 அடி, ஆக 300 சதுர அடி. பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இதுவே ஆடம்பரம்தான். 2023 ஜூனில் ஒரு நர்சரியில் மெக்சிகன் புல் பாய் வாங்கி, கீழே ஒரு லோடு செம்மண் கொட்டி விரித்தோம். மண், எரு, கூலி எல்லாம் சேர்த்து 21,000 ரூபாய். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தார்கள். ஐம்பது நாள்கூட ஆகவில்லை, புல்லுக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் பளபளவென்று ஒரு பச்சை ஈட்டி. அடுத்த வாரம் எண்ண முடியவில்லை.

அதற்கப்புறம் களைக்கொத்தி, வினிகர், களைக்கொல்லி, 'மொத்தமாகப் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போடலாம்' என்ற யோசனை, எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்தாயிற்று. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு கட்சி. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கோரைக்கு மட்டும் மருந்து, மற்றதுக்கெல்லாம் கை.

முதலில் தண்டை உருட்டிப் பாருங்கள்

களையின் தண்டை அடியில் பிடித்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டுங்கள். வழுக்கிக்கொண்டு உருண்டால் புல். மூன்று விளிம்பும் விரலில் தட்டினால் கோரை. கன்னடக்காரப் பக்கத்து வீட்டுத் தாத்தா இதை 'ஜேக்கு' என்பார். மூன்றாவது கூட்டம் அகல இலைக்காரர்கள்: புளியாரை, அம்மான் பச்சரிசி, சிறுபுள்ளடி, கீழாநெல்லி, மூக்கிரட்டை. பக்கத்துக் காலி சைட்டிலிருந்து பறந்து வரும் பார்த்தீனியமும் இதில் சேர்த்தி.

இந்தப் பிரிவினை தெரியாமல் கடைக்குப் போய் 'களைக்கு மருந்து கொடுங்க' என்று கேட்டால், ஒன்று களை சாகாது, இல்லையென்றால் புல்லும் சேர்ந்து சாகும். களைக்கொல்லிகளில் ஒன்றுக்கு அகல இலை கண்ணில் படும், இன்னொன்றுக்குக் கோரை மட்டும், மூன்றாவதுக்கு எல்லாமே ஒன்று.

அடுப்படி வைத்தியம்

வினிகர், உப்பு, பாத்திரம் கழுவும் சோப்பு என்று ஒரு கலவை வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. மளிகைக் கடை வினிகரில் அசிட்டிக் அமிலம் 4, 5 சதவீதம்தான். தொட்ட இலையைக் கருக்கும். அதுவும் புல் இலை, களை இலை என்று பேதம் பார்க்காமல். பத்தே நாளில் கோரை திரும்ப எட்டிப் பார்க்கும், மெக்சிகன் புல் அவ்வளவு சீக்கிரம் பார்க்காது. உப்பு அதைவிட மோசம், மண்ணிலேயே தங்கிவிடும். கொதிக்கிற தண்ணீரை நடைபாதைக் கல் இடுக்கில் ஊற்றலாம், அங்கே நன்றாகவே வேலை செய்கிறது. லானில் வேண்டாம்.

கோரை: கையா, மருந்தா?

உண்மையான போட்டி இங்கேதான்.

எங்களுக்குத் தோட்ட வேலை பார்க்கும் மாலி தர்மபுரி பக்கத்துக்காரர். முதல் தடவை நான் கோரையைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கிக் குவித்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "சார், இதப் புடுங்கக் கூடாது. புடுங்கினா கோவம் வந்து பத்தாப் பெருகும்." அப்புறம் ஒரே ஒரு செடியைச் சுற்றி முக்கால் அடி ஆழத்துக்கு மண்ணை மெதுவாகக் கெல்லிக் காட்டினார். இலைக்கு நேர் கீழே கொட்டைப்பாக்கில் பாதி அளவு கறுப்புக் கிழங்கு ஒன்று. அதிலிருந்து கறுப்பு நூல் மாதிரி ஒரு வேர்த்தண்டு, அதன் நடுவில் இன்னொரு கிழங்கு, மறுபடி நூல், மறுபடி கிழங்கு. ஒரு செடிக்கு ஐந்து. நகத்தால் கிள்ளினால் உள்ளே வெள்ளை, நலங்கு மாவு வாசனை. வாசனை வராமல் எப்படி இருக்கும்? நாட்டு மருந்துக் கடையில் நாம் காசு கொடுத்து வாங்கும் கோரைக்கிழங்கு இதுதானே.

மாலி சொன்ன 'கோவம்' வெறும் கதை இல்லை. சங்கிலியில் முதல் கிழங்கு முளைத்திருக்கும்வரை மற்றவற்றை முளைக்கவிடாமல் அமுக்கி வைத்திருக்கும். மேலே பிடித்து இழுத்தால் நூல் அறுந்து மேல் கிழங்கு மட்டும் கையோடு வரும், கீழே தூங்கியவை எல்லாம் எழுந்துகொள்ளும். அரைகுறைக் களையெடுப்பு கோரைக்கு விருந்து.

அப்படியானால் கையால் முடியவே முடியாதா? முடியும், ஆனால் வேறு மாதிரி. ஒவ்வொரு முளையும் கிழங்கில் சேர்த்துவைத்த மாவைச் செலவழித்துத்தான் மேலே வருகிறது. ஐந்தாறு இலை விட்டபிறகுதான் அது புதுக் கிழங்கு கட்டத் தொடங்கும். அதற்கு முன் வெட்டிக்கொண்டே இருந்தால் சேமிப்பு கரைந்து ஒருநாள் கிழங்கு தளர்ந்துபோகும். மழைக்காலத்தில் இதற்குப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை, ஒன்று விடாமல், இரண்டு மூன்று பருவம் உட்கார வேண்டும். ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வந்தால் ஆட்டம் முதலிலிருந்து.

எதிர்த்தரப்பு ஹாலோசல்ஃப்யூரான் மெத்தைல் 75% என்ற களைக்கொல்லி. செம்ப்ரா என்ற பெயரில் கரும்பு வயலுக்கென்று விற்கிறது. செடி வளரத் தேவையான சில அமினோ அமிலங்களைத் தயாரிக்கும் நொதி ஒன்றை இது முடக்குகிறது. இலை வழியே இறங்கிக் கிழங்குவரை போவதுதான் இதன் சிறப்பு. நன்றாக வேரூன்றிய மெக்சிகன், பெர்முடா (லானுக்கான அருகம்புல் வகை) புல்லுக்குப் பெரிய பாதிப்பு இல்லை. விரித்துச் சில வாரமே ஆன பாயில் அடிக்கக் கூடாது. நான் வாங்கிய பாக்கெட்டின் விளக்கச் சீட்டில் வீட்டு லான் என்ற பேச்சே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நாங்கள் தெரிந்தேதான் இறங்கினோம்.

2024 ஜூனில் லான் நடுவே ஒரு சணல் கயிறு கட்டினேன். இடப்பக்கம் 150 சதுர அடி களைக்கொத்தி, வலப்பக்கம் 150 மருந்து. சிக்கல் அளவில் வந்தது. அளவு ஏக்கருக்கு 36 கிராம். ஏக்கர் என்றால் 43,560 சதுர அடி. கணக்குப் போட்டால் ஒரு கிராம் 1,210 சதுர அடிக்கு வருகிறது. என் பாதிக்கு எட்டில் ஒரு கிராம்! இதைக் கண்ணால் பார்த்து ஸ்பூனில் எடுப்பது நடக்காத காரியம். கரைத்து மிச்சம் வைத்து அடுத்த மாதம் அடிக்கலாமென்றால் கரைசல் தன் வீரியத்தை இழந்துவிடும், அன்றே தீர்க்க வேண்டும். கடைசியில் தெருவில் கோரைக்காரர்கள் நான்கு வீடு சேர்ந்தோம், எல்லாமாகக் கிட்டத்தட்ட 1,200 சதுர அடி. எதிர்வீட்டுக்காரரிடம் தங்கம் நிறுக்கும் குட்டி டிஜிட்டல் தராசு இருந்தது. பட்டர் பேப்பர் வைத்து, ஃபேனை நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கிராம் நிறுத்தோம். ஐந்தரை லிட்டர் தண்ணீர், இலையில் ஒட்டுவதற்கு நனைப்புத் திரவம் கொஞ்சம். கையுறை, முகக்கவசம். காயும்வரை பிள்ளைகளும் நாயும் உள்ளே.

அடிப்பதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் புல் வெட்டக் கூடாது, மருந்து குடிக்க இலை வேண்டும். கோரை மூன்றிலிருந்து ஐந்து இலையில் இருக்கும்போது அடிப்பது நல்லது. அடித்த சில மணி நேரத்துக்காவது மழை வரக் கூடாது, பெங்களூரு ஜூன் சாயங்காலத்தை நம்பவே முடியாது, காலையில் அடித்தோம்.

முதல் வாரம் ஒன்றுமே நடக்கவில்லை. காசு தண்டம் என்று வீட்டில் பேச்சு. பத்தாம் நாள் குருத்து மஞ்சளானது. நான்காவது வாரம் வலப்பக்கக் கோரை பழுப்பு நாராகிவிட்டது. தெளிப்பான் இரண்டு முறை ஓடிய ஒரு மூலையில் புல்லும் கொஞ்ச நாள் வெளிறி, அப்புறம் தேறியது. தூங்கிக்கொண்டிருந்த கிழங்குகள் முளைத்ததும், எட்டு வாரம் கழித்து இரண்டாம் முறை அடித்தோம். அக்டோபரில் கயிற்றின் இடப்பக்கம் கோரை பாதியாகக் குறைந்திருந்தது, வலப்பக்கம் விரல்விட்டு எண்ணலாம். மாலிக்கு அரை நாளுக்கு 500 ரூபாய் வீதம் இடப்பக்கத்துக்கு மட்டும் பத்து தடவை கொடுத்திருந்தேன். நவம்பரில் கயிற்றை அவிழ்த்துவிட்டேன்.

லான் 50 சதுர அடிக்குள் இருந்தால் என் தீர்ப்பு மாறும். கோரை நாலைந்து இடத்தில்தான் என்றாலும் அப்படியே. ஒவ்வொரு இடத்திலும் ஒரு அடி அகலம், முக்கால் அடி ஆழம் மண்ணோடு பெயர்த்துக் கிழங்கைச் சலித்து எடுத்துவிடலாம், மருந்துப் பக்கமே போக வேண்டாம். கீரைப் பாத்தியை ஒட்டி லான் இருந்தாலும் மருந்து வேண்டாம்.

அகல இலைக்கு மருந்து எதற்கு?

இதற்கென்று உள்ளது 2,4-டி. 1940-களிலிருந்து புழக்கத்தில் இருக்கும் பழைய மருந்து. வளர்ச்சி ஹார்மோன் வேடத்தில் உள்ளே போய், செடியைத் தாறுமாறாக முறுக்கி வளரவைத்துக் கொல்லும். மெக்சிகனும் பெர்முடாவும் தாங்கும். மற்றபடி கோரைக் கிழங்கை இது ஒழிக்காது.

நான் இதை வாங்கவில்லை. காரணம் காற்று. எங்கள் தெருவில் சுவருக்குச் சுவர் மாடித்தோட்டம், தக்காளிக்கும் ரோஜாவுக்கும் இந்த மருந்து பரம வைரி. ஒரு துளி மிதந்து போனாலே தக்காளி இலை சுருண்டு வால் மாதிரி ஆகிவிடும். இந்த மருந்திலேயே எஸ்டர் என்ற வகை வெயிலில் ஆவியாகவே கிளம்பிவிடும். சுவரை ஒட்டிச் சுவர் இருக்கும் தெருவில் இது சண்டைக்கு அச்சாரம். புளியாரையும் அம்மான் பச்சரிசியும் கையோடு வரும் ஜாதி, மழை பெய்த மறுநாள் வேரோடு வழுக்கிக்கொண்டு வரும். புளியாரை காய் முற்றினால் வெடித்து விதையைத் தூர எறியும், அதற்குள் பிடுங்கினால் போதும். ஞாயிறு காலை காபி ஆறுவதற்குள் முடிகிற வேலை.

கிளைபோசேட்டைப் பற்றியும் கேட்பார்கள். அது பச்சையாக இருக்கும் எதையும் விடாது, லானுக்கு ஒத்துவராது. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு, பூச்சிக் கட்டுப்பாடு நடத்துபவர்கள் மூலமாகத் தவிர யாரும் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவிக்கை வேறு வெளியிட்டது.

மொத்தமாக மாற்றினால்?

தெருக்கோடி வீட்டில் செய்தார்கள். பழைய பாயைச் சுருட்டி எறிந்துவிட்டுப் புதுப் பாய் விரித்தார்கள். இரண்டே மாதத்தில் கோரை புதுப் பாயைத் துளைத்துக்கொண்டு வந்தது, ஏனென்றால் கிழங்கு கீழ்மண்ணில் இருந்தது. வருடக் கணக்கில் அது அங்கேயே உயிரோடு காத்திருக்கும். முக்கால் அடி மண்ணையும் மாற்றினால்தான் பலன், அந்த மாற்று மண்ணே கோரையோடு வந்து இறங்காது என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. என் செம்மண் லோடில்தான் முதல் கிழங்கு வந்தது என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். புதிதாக லான் போடப் போகிறவர்கள் மண்ணைக் கொட்டி, தண்ணீர் ஊற்றி, மூன்று வாரம் சும்மா விடுங்கள். உள்ளே இருப்பவற்றில் ஒரு பகுதியாவது தலைகாட்டும், பாய் விரிப்பதற்கு முன்பே ஒரு கை பார்க்கலாம்.

தண்ணீரை நிறுத்திக் கோரையைக் காயவைக்கலாம் என்பதும் நடக்காது. 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம் தோட்டத்துக்குக் குடிநீர் ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்றபோது எங்கள் லான் வைக்கோலானது. கிழங்கு சொத்தில் கோரை மட்டும் பச்சையாக நின்றது. தினமும் கசியும் குழாயடி அதற்கு இன்னும் பிடிக்கும், அந்த வாஷரை மட்டும் மாற்றிவிடுங்கள். புல்லை ஒட்ட வெட்டாமல் ஒன்றரை, இரண்டு அங்குலம் விட்டால் விதையிலிருந்து முளைக்கும் களை குறையும். நிழல் கோரைக்கும் ஆகாது.

மிச்சமிருப்பது அருகம்புல். மெக்சிகன் லானில் அதுவும் களைதான், ஆனால் புல்லுக்குள் புல்லைப் பிரித்துக் கொல்லும் மருந்து எதையும் நான் அடித்துப் பார்க்கத் துணியவில்லை. 'அருகுபோல் வேரூன்றி' என்று கல்யாணத்தில் வாழ்த்துவது சும்மா இல்லை. ஓடும் தண்டை நுனியிலிருந்து அடிவரை கையால் பின்தொடர்ந்து பிரித்தெடுக்க வேண்டியதுதான். பிள்ளையார் சதுர்த்திக்கு முந்தின வாரம் அந்த வேலைக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் வருகிறார்கள்.