மன்னார்குடி வீட்டில் ஒரு மெக்கானிக்கல் விசைப்பலகை: பத்து மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு

விசைப்பலகைக்கு 6,400 ரூபாய் கொடுத்தேன் என்று சொன்னதும், அந்தப் பணத்தில் டி.ஏ.பி. உரம் நான்கு மூட்டை வாங்கி மிச்சமும் பிடித்திருக்கலாம் என்று அப்பா கணக்குச் சொல்லிவிட்டார். அவர் கணக்கில் பிழை இல்லை. ஆனால் பகலெல்லாம் ஆங்கிலத்தில் நிரல் எழுதி, இரவில் திறமூல மென்பொருள்களின் பட்டிச் சொற்களைத் தமிழாக்குவதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவனுக்கு விரல்களும் ஒரு விளைநிலம்தான் என்று நினைத்துத் துணிந்தேன். நான் வாங்கியது எண் விசைகள் தனியாக இல்லாத, 87 விசைகள் கொண்ட பலகை. ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனித்தனியாக உள்ள சுவிட்சுகளைப் பற்றவைப்பு இல்லாமலே பிடுங்கி மாற்றிக்கொள்ளலாம். தயாரிப்பாளரின் பெயரைத் தவிர்க்கிறேன். இதே அமைப்பில் பல நிறுவனங்களின் பலகைகள் கிடைக்கின்றன, நான் சொல்லப்போவது பெரும்பாலும் அவற்றுக்கும் பொருந்தும்.

முதல் தவறு என்னுடையது. நீல நிறச் சுவிட்சைத் தேர்ந்தெடுத்தேன். இந்த நிறக் கணக்கு செர்ரி நிறுவனத்திலிருந்து வந்தது: சிவப்பு தடையின்றி இறங்கும், பழுப்பு நடுவில் ஒரு சிறு மேட்டை விரலுக்கு உணர்த்தும், நீலம் மேட்டோடு சேர்த்து 'டிக்' என்ற ஒலியையும் எழுப்பும். காப்புரிமைக் காலம் முடிந்தபின் மற்ற தயாரிப்பாளர்களும் அதே நிறங்களைக் கையாளத் தொடங்கினார்கள். என் பலகையில் இருப்பதும் அப்படிப்பட்ட நகல்தான், குறை சொல்லும்படி இல்லை. மடிக்கணினி விசை ஒன்றரை மில்லிமீட்டர் இறங்குவதே அரிது. இது 4 மில்லிமீட்டர் இறங்கும், ஏறக்குறையப் பாதி தூரத்திலேயே எழுத்தைப் பதிந்துவிடும். விரல் தரையில் மோத வேண்டிய தேவை இல்லாததால் மாலையில் கணுக்கள் வலிப்பது எனக்கு உண்மையிலேயே குறைந்தது.

ஆனால் எங்கள் வீடு முற்றமும் கூடமும் உள்ள பழைய வீடு. கூடத்தின் ஒரு மூலையில் தும்மினால் மறு மூலையில் கேட்கும். அமெரிக்கக் குழுவோடு இரவு பத்து மணிக்குப் பேசிக்கொண்டே நான் தட்டும் சத்தம் தாழ்வாரம் வரை போய் அப்பாவை எழுப்பியது. கூட்டத்தில் இருந்தவர்கள் மழை பெய்கிறதா என்று கேட்டார்கள். இரண்டாவது வாரமே பழுப்புச் சுவிட்சுகளை வரவழைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை முழுவதும் உட்கார்ந்து 87 சுவிட்சுகளையும் மாற்றினேன். அவசரத்தில் ஒன்றின் செப்பு முள் வளைந்துவிட்டது, சாமணத்தால் நிமிர்த்திக்கொண்டேன். பற்றவைத்த பலகையை வாங்கியிருந்தால் அன்றே அது பரணுக்குப் போயிருக்கும்.

தமிழ் எழுதுவதற்கு இது எப்படி என்பதைத்தான் நம் வாசகர்கள் அதிகம் கேட்பார்கள். விசைகளின் மேல் தமிழ் எழுத்துகள் இல்லை. ஒட்டுப்படங்கள் வாங்கி ஒட்டினால் நம் ஊர் வியர்வையில் ஒரு கோடைகூடத் தாங்குவதில்லை. நான் பயன்படுத்துவது தமிழ்99 என்ற விசை அமைப்பு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்ட இந்த முறை இன்று விண்டோஸிலும் மேக்கிலும் உடனேயே வருகிறது. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில் என்பதால் இரு கைகளும் மாறி மாறி வேலை செய்யும். இந்தத் தாளம் ஆழமான விசைகளில்தான் முழுமையாகக் கிடைக்கிறது. 'மன்னார்குடி' என்று எழுதப் பத்துத் தட்டுகள் போதும், ஏனெனில் இரண்டு 'ன' அடுத்தடுத்து வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். பலகையின் எஃப், ஜே விசைகளில் உள்ள சிறு கோடுகள் தமிழ்99-இல் புள்ளிக்கும் 'ப'வுக்கும் அமைகின்றன. புள்ளியைக் கண் பார்க்காமல் தொட முடிவது பெரிய வசதி.

அம்மா அந்தக் காலத்தில் தமிழ்த் தட்டச்சில் முதுநிலை தேறியவர். ஆசையாக வந்து உட்கார்ந்தவர் இரண்டு வரிக்குள் எரிச்சலானார். "ஏன்டா, புள்ளியை எழுத்துக்கு முன்னாடிதானே அடிக்கணும்?" என்றார். தட்டச்சுப் பொறியில் புள்ளி விசையை அழுத்தினால் உருளை நகராது. ஆகவே புள்ளி முதலில், எழுத்து பிறகு. 'கொ' எழுதக் கொம்பு, ககரம், கால் என்று மூன்று தட்டுகள். தமிழ்99-இல் க, ஒ என்று இரண்டோடு முடிந்துவிடுகிறது என்று விளக்கினேன். "அது எழுதுற முறை இல்லையே" என்று எழுந்து போய்விட்டார். பழைய தட்டச்சு அமைப்பையும் கணினியில் இயக்க முடியும் என்பதால் அவருக்காக அதையும் சேர்த்து வைத்தேன்.

நிரலாளர்களுக்கு உள்ள தொல்லை வேறு. தமிழ் நிலையில் இருப்பதை மறந்து விம் எடிட்டரில் ஒரு வரி கீழே இறங்க ஜே விசையை அழுத்தினால், கணினி அதை 'ப' என்று வாங்கிக்கொண்டு சும்மா நிற்கும். இப்படி நாளைக்கு இருபது முறை ஏமாந்திருக்கிறேன். இந்தப் பலகையின் உள்மென்பொருள் கியூஎம்கே என்ற திறமூலத் திட்டம் என்பதால் பயனற்றுக் கிடந்த கேப்ஸ் லாக் விசைக்கே மொழி மாற்றும் கட்டளையைக் கொடுத்துவிட்டேன். சுண்டுவிரல் ஒரு தட்டில் மொழி மாறுகிறது. என் கணக்கில் விலையில் பாதி இந்த ஒரு வசதிக்கே தகும். விசைகளை மாற்றியமைக்கும் வயா என்ற இணையக் கருவி மட்டும் குரோம் வகை உலாவிகளில்தான் இயங்குகிறது. ஃபயர்பாக்ஸைப் பிடிவாதமாக வைத்திருக்கும் என்னைப் போன்றவர்கள் இதற்கென்றே இன்னோர் உலாவியை நிறுவ வேண்டியிருப்பது எரிச்சல்தான்.

விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருந்த, விசைகளுக்கு அடியில் எரியும் வண்ண விளக்குகள் டெல்டாவுக்கு ஆகாதவை. கார்த்திகை இரவுகளில், பயிர் நிற்கும் வயல்களிலிருந்து பச்சைத் தத்துப்பூச்சிகள் வெளிச்சத்தைத் தேடிக் கூட்டமாக வரும் என்பது இங்கே யாருக்கும் தெரியும். அறை விளக்கை அணைத்துவிட்டுத் திரையின் ஒளியைக் குறைத்து உட்கார்ந்தேன். வந்தவை எல்லாம் விசைகளின் இடுக்குகளில் இறங்கின. அன்று அணைத்த விசை விளக்குகளை மறுபடி போடவில்லை. மின்கலமும் அதனால் மும்மடங்கு நாள் தாங்குகிறது.

தூசியும் அப்படியே. தை மாதம் சம்பா அறுவடையில் இயந்திரம் ஓடத் தொடங்கினால் நெல்லின் சுணை சன்னல் வலையைத் தாண்டி வரும். முந்தைய மடிக்கணினியில் ஒரே ஒரு விசைக்கு அடியில் அது போய்ச் சேர்ந்து, பழுது பார்க்கும் நிலையத்தில் மேல்பாகம் முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார்கள். இங்கே விசைமூடிகளைக் கழற்றி, பெயின்ட் தூரிகையால் தட்டி, அரை மணி நேரத்தில் மாட்டிவிட்டேன். மூடிகள் பி.பி.டி. பிளாஸ்டிக்கால் ஆனவையா என்று வாங்கும்போது கேளுங்கள். ஏ.பி.எஸ். மூடிகள் சில மாதங்களிலேயே எண்ணெய் தேய்த்ததுபோல் மினுங்கத் தொடங்கும். திருவையாற்று அசோகா அல்வாவைச் சாப்பிட்ட கையோடு நிரல் எழுதும் பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னும் சீக்கிரம்.

பையில் போட்டு ஊர் ஊராகச் சுமப்பவர்கள் இதை வாங்க வேண்டாம், கனம் அதிகம். மேசையின் உயரம் சரியில்லாதவர்கள் முதலில் மேசையைக் கவனிக்கட்டும். வீட்டில் தனி அறை இல்லாதவர்கள் நீலத்தின் பக்கமே போகாதீர்கள்.

பிடுங்கிய 87 நீலச் சுவிட்சுகளை நான் குப்பையில் போடப் போனபோது அம்மா தடுத்து, ஊறுகாய் பாட்டில் ஒன்றில் அடைத்து வைத்துக்கொண்டார். தட்டச்சு இன்ஸ்டிடியூட் சத்தம் அதில்தான் இருக்கிறதாம்.