பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா: இயந்திரத்துக்குக் காசு வரும், நின்றுபோன மாதங்களுக்கு வராது

பட்டறை, குடோன், கடை வைத்திருப்பவர்கள் தீக்கும் வெள்ளத்துக்கும் இப்போது எடுக்கும் பாலிசி பெரும்பாலும் இதுதான். பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் 2021 ஏப்ரல் 1 முதல் இதை ஒரே வாசகத்தில் விற்க வேண்டும் என்று காப்பீட்டுத் துறை ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ விதித்தது. ஓர் இடத்தில் உள்ள கட்டடம், இயந்திரம், சரக்கு எல்லாம் சேர்த்து 5 கோடி ரூபாய்க்குள் அடங்கினால் சூக்ஷ்ம. அதற்கு மேல் 50 கோடி வரை பாரத் லகு உத்யம் சுரக்ஷா என்ற வேறு பாலிசி. வாசகம் பொதுவானது என்பதால் கம்பெனி பார்த்து அலைய வேண்டியதில்லை. பிரீமியத்தையும், கிளெய்ம் வந்தால் ஏஜென்ட் போனை எடுப்பாரா என்பதையும் பார்த்தால் போதும்.

தீ, இடி, பூகம்பம், புயல், வெள்ளம், கலவரம் எல்லாம் அடிப்படையிலேயே உண்டு. விபத்து நடந்த 7 நாளுக்குள், அதன் காரணமாக நடக்கும் திருட்டும் சேரும். வெள்ளத்தில் ஷட்டர் பெயர்ந்து கிடக்கும் கடைக்கு இது பெரிய விஷயம். இதில் உருப்படியான அம்சம் என்றால் 15 சதவீதத் தளர்வைத்தான் சொல்ல வேண்டும். 1 கோடி மதிப்புள்ள சரக்கை 85 லட்சத்துக்குக் காட்டியிருந்தாலும் குறைக் காப்பீடு என்று பிடித்தம் செய்ய மாட்டார்கள். ஆனால் 70 லட்சத்துக்குக் காட்டியிருந்தால் தளர்வு கிடையாது. 20 லட்ச இழப்புக்கு 14 லட்சம்தான் கணக்காகும். இதைக் கட்டடம், இயந்திரம், சரக்கு என்று தனித்தனியாகப் பார்ப்பார்கள். கட்டடத்துக்குக் கூடுதலாகப் போட்டிருக்கிறோமே என்று சரக்கில் ஈடுகட்ட முடியாது.

சரக்கின் மதிப்பில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். மூலப்பொருளை, குடோனுக்கு வந்து சேர்ந்த அடக்க விலைக்குப் போட வேண்டும், விற்பனை விலைக்கு அல்ல. அடுத்தது ஜிஎஸ்டி. அழிந்துபோன சரக்கை வாங்கும்போது கட்டி, பிறகு கழித்துக்கொண்ட உள்ளீட்டு வரியை மத்திய ஜிஎஸ்டி சட்டப் பிரிவு 17(5)(h)-இன்படி திருப்பிக் கட்ட வேண்டும். காப்பீட்டுத் தொகையில் வரியைச் சேர்க்காமல் விட்டால் அந்தப் பணம் கைக்காசு. பிளேட்டிங்குக்கோ ஹீட் ட்ரீட்மென்டுக்கோ வெளியே போன சரக்குக்கு, சரக்குக் காப்பீட்டுத் தொகையில் 10 சதவீதம் வரை தானாகவே பாதுகாப்பு உண்டு. ஜாப் வொர்க்குக்காக, அதாவது கூலிக்கு வேலை செய்து தர, உங்களிடம் இருக்கும் வாடிக்கையாளர் பொருளும், வெண்டரிடம் இருக்கும் உங்கள் டையும் (அச்சும்) அப்படியல்ல. பாலிசியில் தனியாக எழுதி வாங்குங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் புகுந்தது. அது மாதிரி நேரத்தில் கிளெய்மைக் கெடுப்பது, தண்ணீர் வடிந்த கையோடு மெயின் ஸ்விட்சைப் போட்டுப் பார்க்கும் அவசரம். ஷார்ட் சர்க்யூட்டில் எரிந்த அந்தக் குறிப்பிட்ட மின்சாதனத்துக்குப் பாலிசியில் பணம் கிடையாது. மோட்டார் வெள்ளத்தால் போனதா, நீங்கள் லைன் கொடுத்ததால் போனதா என்ற கேள்வி எழுந்தால், இழப்பை மதிப்பிட வரும் சர்வேயர் இரண்டாவதைத்தான் எழுதுவார். முதலில் சுவரில் சேறு விட்ட கோட்டின் மேல் அளவு நாடாவைப் பிடித்துப் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு மெஷினின் பெயர்ப் பலகையும் சீரியல் நம்பர் தெரிகிற மாதிரி வேண்டும். கிளெய்ம் தகவல் கொடுத்த பிறகு மோட்டாரைக் கழற்றி, நல்ல தண்ணீரில் சேறு போகக் கழுவி, உலர்த்தி, மெக்கர் என்ற அளவுக் கருவி வைத்து, கம்பிச் சுற்றில் மின்கசிவு இல்லையா என்று இன்சுலேஷன் பாருங்கள். லைன் அதற்கு அப்புறம்தான்.

கணினித் தரவுக்கு 5 லட்சம் வரை தருகிறார்கள், சரி. ஆனால் கணினியால் ஓடும் மெஷினின் ஃபானுக் கன்ட்ரோலில் பேட்டரி தாங்கிக்கொண்டிருக்கும் பாராமீட்டர் (அமைப்பு எண்கள்) அழிந்தால் அந்த 5 லட்சம் மெஷினை ஓட்டாது. மெமரி கார்டில் எடுத்த நகல் வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். பட்டறை மேஜை டிராயரில் இருந்தால் அதுவும் சேர்ந்துதான் நனையும்.

இனி பெரிய ஓட்டை. தொழில் நின்றதால் வரும் வருமான இழப்பு, தாமதம், கைவிட்டுப் போன ஆர்டர் எதற்கும் இந்தப் பாலிசி பணம் தராது. மீண்டும் தொடங்கும் செலவுக்கென்று 1 லட்சம் வரை இருக்கிறது, அவ்வளவே. மெஷினின் மோட்டாரை இயக்கும் சர்வோ டிரைவ் வர மூன்று மாதம் ஆனால் அந்த மூன்று மாதச் சம்பளம், வாடகை, வங்கி வட்டி எல்லாம் உங்கள் தலையில். அதற்குத் தனியாக லாப இழப்புப் பாலிசி எடுக்க வேண்டும். சொத்துப் பாலிசியில், அதாவது மேலே சொன்ன சூக்ஷ்மவில், கிளெய்ம் ஏற்கப்பட்டால்தான் அது பேசும். ஆகவே இரண்டும் ஒரே கம்பெனியில் இருப்பது நல்லது.

அதை எடுக்கும்போது ஆடிட்டர் தரும் மொத்த லாபத்தை அப்படியே எழுதாதீர்கள். அவர் கணக்கில் ஆலைச் சம்பளம் கழிந்திருக்கும். காப்பீட்டுக் கணக்கில் உற்பத்தியோடு ஏறி இறங்கும் செலவுகள் மட்டுமே கழியும். விற்றுமுதல் 3 கோடி, மூலப்பொருள், பேக்கிங், வெளி ஜாப் வொர்க் சேர்த்து 1.80 கோடி என்றால் போட வேண்டிய தொகை 1.20 கோடி. ஆடிட்டரின் 50 லட்சத்தைப் போட்டால் 12 லட்ச இழப்புக்கு 5 லட்சம் வரும்.

லாப இழப்புக்குப் பணம் தரும் காலவரம்பை ஆறு மாதம் என்று சுருக்கி பிரீமியத்தை மிச்சம் பிடிக்கச் சொல்வார்கள். இறக்குமதி மெஷின் இருக்கும் இடத்துக்கு அது போதாது. மெஷின் வந்தபின் வாடிக்கையாளர் சாம்பிளை மறுபடி சரிபார்த்து ஆர்டர் தரும் காலத்தையும் சேர்த்து 12 மாதம் கேளுங்கள். உங்கள் வாசலில் தண்ணீர் வராமல், துணைமின் நிலையம் மூழ்கி நான்கு நாள் கரண்ட் இல்லை என்றால் இரண்டு பாலிசியும் கைவிரிக்கும். இதற்கென்று லாப இழப்புப் பாலிசியில் பொதுச் சேவை நீட்டிப்பு என்று ஒன்று தனியாக உண்டு. கொட்டேஷன் வாங்கும்போதே அதற்கும் விலை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.