நாயுடன் பாத்தாமுக்குப் படகில் போக ஆசைப்படுவோருக்கு: ‘ஆவணங்கள் எங்கள் பொறுப்பு’ என்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்

உல்லாசப் படகை வாடகைக்கு எடுத்து, வளர்ப்பு நாயையும் ஏற்றிக்கொண்டு, வார இறுதிக்குள் இந்தோனேசியாவின் பாத்தாம் தீவிலுள்ள நொங்சா வரை போய்வரலாம், நாய்க்கு வேண்டிய ஆவணங்களையெல்லாம் நாங்களே முடித்துத் தருகிறோம் என்று சொல்லும் இடைத்தரகர்களிடம் சிங்கப்பூரில் உள்ளவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். அப்படிப்பட்ட ஒரு நிறுவனத்திடம் பணம் கட்டி, அது தந்த தாள்களில் முக்கியமான ஒன்று வேறொரு நாயுடையது என்று கண்டுபிடித்து, பணத்தைத் திரும்பப் பெற நடுவர் மன்றம் வரை போக வேண்டியதாயிற்று. நிறுவனத்தின் பெயரை இங்கே தரவில்லை. அவர்கள் பேசிய பேச்சைத்தான் அப்படியே தருகிறேன், ஏனென்றால் அது வேறு பெயரிலும் உங்கள் காதுக்கு வரக்கூடும்.

எங்கள் மணி தத்தெடுத்த கலப்பின நாய். இங்கே ‘சிங்கப்பூர் ஸ்பெஷல்’ என்று செல்லமாகச் சொல்வார்களே, அந்த வகை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில், கலப்பின நாய்களைத் தத்தெடுக்க அனுமதிக்கும் அடோர் திட்டத்தின்கீழ் வளர்வதால் நாய் உரிமம், தோலுக்கடியில் பொருத்தும் மைக்ரோசிப் எனும் அடையாளச் சில்லு, தடுப்பூசி அட்டை அனைத்தும் ஒழுங்காக இருந்தன. என் கணவரின் அறுபதாவது பிறந்தநாளைக் கடலில் கொண்டாடலாம் என்று பிள்ளைகள் விரும்பினார்கள், மணியை விட்டுவிட்டுப் போக யாருக்கும் மனமில்லை. படகு வாடகையையும் ‘செல்லப்பிராணி ஆவணச் சேவை’ என்ற பெயரில் 1,800 வெள்ளியையும் தனித்தனியாகக் கேட்ட அந்த நிறுவனத்தின் ஊழியர் தமிழர். நல்ல மரியாதையாகத்தான் பேசினார். “அக்கா, நீங்க தடுப்பூசி அட்டையை மட்டும் அனுப்புங்க, போக வர எல்லாப் பேப்பரும் நாங்க பாத்துக்கிறோம்” என்றார். ‘போக வர’ என்ற அந்த இரண்டு சொற்களை வாட்ஸ்அப்பிலும் எழுதித் தரச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். பின்னால் அதுதான் உதவியது.

புறப்படுவதற்கு முந்தைய வாரம் ஆவணக்கட்டு மின்னஞ்சலில் வந்தது. அதில் தடுப்பூசி அட்டையின் நகல், இறக்குமதி உரிமத்துக்கான ஒரு விண்ணப்பம் தொடங்கப்பட்டதற்கான ஒப்புகைச் சீட்டு, ரேபிஸ் எனும் வெறிநாய்க்கடி நோய்க்கு எதிரான எதிர்ப்புத் திறனைக் காட்டும் இரத்தப் பரிசோதனை அறிக்கை ஆகியவை இருந்தன. மூன்றாவதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மணியின் உடலிலிருந்து ஒரு துளி இரத்தம்கூட யாரும் எடுக்கவில்லையே, முடிவு மட்டும் எங்கிருந்து வந்தது? அறிக்கையிலிருந்த 15 இலக்க மைக்ரோசிப் எண்ணை மணியின் உரிமத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். கடைசி ஆறு இலக்கங்கள் பொருந்தவே இல்லை. வேறொரு வாடிக்கையாளரின் நாய்க்கு எடுத்த அறிக்கையில் உரிமையாளர் பெயரை மட்டும் மாற்றி எங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். ஒப்புகைச் சீட்டோ, நாயைத் திரும்பக் கொண்டுவரத் தேவையான இறக்குமதி உரிமமே அல்ல. விண்ணப்பப் படிவத்தைத் திறந்து பாதியில் விட்டாலும் கிடைக்கக்கூடிய தாள் அது.

தேசிய பூங்காக் கழகத்தின்கீழ் இயங்கும் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவையிடம் விசாரித்தபோது, மணியின் பெயரிலோ என் பெயரிலோ எந்த இறக்குமதி உரிமமும் வழங்கப்படவில்லை என்பது உறுதியாயிற்று.

விளம்பரங்கள் மறைப்பது ஒரு நாட்டிலிருந்து போவதைப் பற்றி அல்ல, திரும்பி வருவதைப் பற்றி. நாய் பிறந்து வளர்ந்தது சிங்கப்பூராகவே இருந்தாலும், வெளிநாட்டுக்குப் போய்த் திரும்பும்போது அது இறக்குமதியாகத்தான் கணக்கிடப்படும். சிங்கப்பூரில் 1953 முதல் ரேபிஸ் இல்லை. சுற்றிலுமுள்ள நாடுகளின் நிலை அப்படியல்ல. பாலியில் 2008இலும் சரவாக்கில் 2017இலும் அந்நோய் பரவி மனித உயிர்களைப் பறித்தது. கடிபட்ட விலங்கிடம் நோயின் அறிகுறி வெளிப்பட வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில் ஆகும் என்பதால், நாய் துள்ளிக் குதிப்பதைப் பார்த்து எந்த அதிகாரியும் உள்ளே விட முடியாது. ஆகவே தடுப்பூசி போட்டு, போதிய இடைவெளிவிட்டு இரத்தம் எடுத்து, எதிர்ப்புத் திறன் மில்லிலிட்டருக்கு குறைந்தது 0.5 அனைத்துலக அலகு இருப்பதை ஆய்வகம் உறுதிசெய்து, இறக்குமதி உரிமம் பெற்று, தனிமைப்படுத்தும் நிலையத்தில் முன்கூட்டியே இடம்பிடித்து, புறப்படும் நாட்டின் அரசுக் கால்நடை மருத்துவர் ஒப்பமிட்ட நலச் சான்றிதழையும் கையில் வைத்துக்கொண்டுதான் வர முடியும். அதன்பின் 30 நாள் வரை நீளக்கூடிய தனிமைப்படுத்தலும் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் போய் ஞாயிற்றுக்கிழமை மாலை திரும்பும் பயணத்தில் இந்தோனேசிய அரசு மருத்துவரின் ஒப்பத்தை யார், எப்போது வாங்குவார்கள்? அந்தப் பக்கத்திலும் நாய்க்கு முன்னனுமதியும் தனிமைப்படுத்தல் அதிகாரிகளின் பார்வையும் தேவை. அதைப் பற்றி ஆவணக்கட்டில் ஒரு வரிகூட இல்லை. சுருங்கச் சொன்னால், அவர்கள் விற்ற பயணத்தை, அவர்கள் சொன்ன கால அளவில், சட்டப்படி நடத்தவே முடியாது.

இதையெல்லாம் சொல்லி விளக்கம் கேட்டேன். முதலில் “தட்டச்சுப் பிழை” என்றார்கள். பிறகு அந்த ஊழியர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அக்கா, நாய் படகை விட்டு இறங்கினாத்தானே பிரச்சினை? மஞ்சள் கொடி ஏத்திட்டு நொங்சாவுல கட்டிட்டா, நாய் எந்த நாட்டுக்கும் போன கணக்கில்ல. திரும்பி வரும்போது கீழ்க் கேபின்ல வச்சிக்கலாம், ஆபீசர்ங்க பாஸ்போர்ட்டைத்தான் பாப்பாங்க” என்றார். இதில் உண்மை கொஞ்சமும் இல்லை. மஞ்சள் நிறக் ‘கியூ’ கொடி, கலத்தில் நோயில்லை, நுழைய அனுமதி தாருங்கள் என்று அதிகாரிகளைக் கேட்பதற்கான கொடியே தவிர, அனுமதியைத் தரும் கொடி அல்ல. நாயின் கால் அயல்மண்ணில் பட்டதா என்பதும் சிங்கப்பூர்ச் சட்டத்துக்கு ஒரு பொருட்டல்ல. வெளியிலிருந்து தரை, கடல், வான் ஆகிய எந்த வழியாகக் கொண்டுவந்தாலும் இறக்குமதிதான். உரிமமின்றிக் கொண்டுவந்தால் 10,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். 2022இல் துவாஸ் சோதனைச்சாவடியில் வாகனத்துக்குள் ஒளித்துக் கொண்டுவரப்பட்ட நாய்க்குட்டிகள் பிடிபட்டதும், ஓட்டிவந்தவர் சிறைக்குப் போனதும் பலருக்கு நினைவிருக்கும். கீழ்க் கேபினில் நாயை ஒளிக்கச் சொன்னவர் நீதிமன்றத்தில் நம் அருகே வந்து நிற்கப் போவதில்லை. நாயோ பயந்து குரைத்தால் போதும், கதை முடிந்தது. மணி பக்கத்து வீட்டில் பிரஷர் குக்கர் விசில் அடித்தாலே குரைக்கும்.

பயணத்தை ரத்துசெய்தோம். ஆவணச் சேவைக்கான தொகை ‘செயல்முறைக் கட்டணம்’ என்பதால் திரும்பாது என்றும், படகு வாடகை ‘கடைசி நேர ரத்து’ விதிப்படி போய்விட்டது என்றும் நிறுவனம் பதில் அனுப்பியது. செய்யாத பரிசோதனைக்கு என்ன செயல்முறை என்று நான் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. பொய் அறிக்கையின் நகலை விலங்கு, கால்நடை மருத்துவச் சேவைக்கு அனுப்பிவைத்தேன். பணவிஷயத்தைத் தனியாகப் பார்க்க வேண்டியிருந்தது. சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம் எழுதிய கடிதத்துக்கும் நிறுவனம் மழுப்பலாகவே பதில் தந்ததால், சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் இணையம்வழி வழக்குப் பதிந்தேன். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டுபோகலாம். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்ட வேண்டிய கட்டணம் 10 வெள்ளிதான். வழக்கறிஞரை வைத்துக்கொள்ள அனுமதியில்லை என்பது என்னைப் போன்றவர்களுக்கு ஒரு நிம்மதி, ஏனென்றால் எதிர்த்தரப்பும் வைத்துக்கொள்ள முடியாது.

முதற்கட்டக் கலந்தாலோசனையில் நான் மேசைமேல் வைத்தவை இரண்டே: ‘போக வர’ என்றிருந்த வாட்ஸ்அப் செய்தி, இரண்டு மைக்ரோசிப் எண்களையும் அடுத்தடுத்து அச்சிட்ட தாள். நிறுவனத்தின் சார்பில் வந்தவர் அதற்குமேல் வாதாடவில்லை. ஆவணச் சேவைத் தொகை முழுவதும், படகு வாடகையில் பாதியும் திரும்பக் கிடைத்தன.

நாயோடு கடலில் போக விரும்புகிறவர்கள் சிங்கப்பூர் நீர் எல்லைக்குள்ளேயே தென்தீவுகளைச் சுற்றிவரும் படகை எடுத்தால் இந்தத் தாள்கள் எதுவும் தேவைப்படாது. நாங்களும் பிறகு அதைத்தான் செய்தோம். அதற்கு அப்பால் போகத்தான் வேண்டும் என்றால், மாதங்களுக்கு முன்பே தயாராகுங்கள், இரத்தப் பரிசோதனையை உங்கள் கால்நடை மருத்துவர் மூலமே எடுங்கள், திரும்பி வருவதற்கான இறக்குமதி உரிமம் உங்கள் பெயரில் வழங்கப்பட்டுவிட்டதா என்பதை முகவரிடம் கேட்காமல் நேரே அதிகாரிகளிடம் கேளுங்கள். முன்பணம் கட்டுவதற்கு முன்னால் முகவரிடம் ஒரே ஒரு கேள்வி போதும்: நாய் எத்தனை நாள் தனிமைப்படுத்தலில் இருக்க வேண்டியிருக்கும், அந்த இடத்துக்கு எப்போது பதிவுசெய்வீர்கள்? “அதெல்லாம் வேண்டாம், அக்கா” என்று பதில் வந்தால் அங்கே பணம் கட்டாதீர்கள்.

இதை எழுதும் இந்த வாரத்திலும் அந்த விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கிறது. படமும் வாசகமும் அதேதான், தொலைபேசி எண் மட்டும் மாறியிருக்கிறது.