பாட்டு அடித்துத் தரும் கடையில் ஒரே ஒரு பாட்டுக் கேட்பவருக்கு

பி. சுசீலா பாடியவை 17,695 என்று 2016இல் கின்னஸ் பதிந்தது. எஸ்.பி.பி. பாடியவை நாற்பதாயிரம் என்பார்கள். இளையராஜா இசையமைத்த படங்கள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. இவ்வளவும் இருக்க, ஒரு பாடகரிடம் ஒரே ஒரு பாட்டை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, மிச்சத்தைத் தேடாமலே வாழ்நாளை ஓட்டுகிறவர்கள் நம்மூரில் நிறையப் பேர். மற்றப் பாட்டுகள் கூடாதவை என்பதல்ல, அந்த ஒன்றில் மனம் நிறைந்துவிட்டது. அப்படிப்பட்டவர் கையில் ஒரு சிப்போடு (மெமரி கார்ட்) கடைக்குப் போனால் என்ன கிடைக்கிறது என்பதுதான் இங்கே பார்க்கப் போவது. மட்டக்களப்பு பஸ் நிலையத்தைச் சுற்றியும், காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று பிரதான வீதி நெடுகவும் பென் ட்ரைவிலும் சிப்பிலும் பாட்டு அடித்துத் தருகிற கொமினிகேஷன் கடைகள்தான் மதிப்பீட்டுக்கு எடுத்தவை. கடைக்குக் கடை ஆள் மாறுமே தவிர, வேலை செய்கிற முறை பெரும்பாலும் ஒன்றுதான்.

இந்தக் கடைகளுக்கு முந்தியது ரெக்கோடிங் பார். வெற்றுக் கசெட்டும் கையால் எழுதிய பட்டியலும் கொடுத்தால், இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். சி-60 கசெட்டில் ஒரு பக்கம் 30 நிமிடம். நாலரை நிமிடப் பாட்டு என்றால் ஆறுதான் அடங்கும். அந்த ஆறு இடத்திலும் ஒரே பாட்டைப் பதியச் சொன்னவர்களும் உண்டு, பதிந்து கொடுத்தவர்களும் உண்டு. இடம் குறைவாக இருந்ததால் எந்தப் பாட்டு, எந்தப் படம், யார் பாடியது என்று கேட்டுத்தான் பதிவார்கள். இன்றைக்கு 8 ஜிபி பென் ட்ரைவில் சாதாரணத் தரத்தில் ஏறக்குறைய 1,800 பாட்டு அடங்கும். இடம் பெருகியதும் கேள்வி நின்றுபோனது.

"தம்பி, ஹனீபாட பாட்டு ஒண்டு அடிச்சுத் தாங்க."

"ஒண்டு என்னத்துக்கு காக்கா? முழுக்கப் போட்டுத் தாறன்."

எந்தக் கடையிலும் இந்தக் கதைதான். முழு ஃபோல்டரையும் கொப்பி பண்ணுவது அவர்களுக்கு ஒரே அசைவு. ஒரு பாட்டைத் தேடி எடுப்பதுதான் வேலை. ஃபோல்டருக்குள் 'ட்ராக் 07' என்று பெயர் கிடந்தால் எது என்று அவர்களுக்கே தெரியாது. வீட்டுக்கு வந்து பொக்ஸில் (சிப்போ பென் ட்ரைவோ செருகிப் பாட்டுக் கேட்கிற ஸ்பீக்கர் பெட்டி) போட்டால் அடுத்த பாட்டு, அடுத்த பாட்டு என்று அமுக்கி அமுக்கித்தான் தேட வேண்டும். திரையில் தலைப்பு வராத பொக்ஸில் 1,800க்குள் ஒன்றைத் தேடுவது நடக்கிற காரியமா? அதனால் முழுக்கத் தருகிறோம் என்பதைத் தாராளம் என்று எடுக்க முடியவில்லை. கேட்டதை எடுத்துத் தருவதுதான் சேவை, அந்தக் கணக்கில் பெரும்பாலான கடைகள் பாதிப் புள்ளிக்கு மேல் போகாது.

அடுத்த சிக்கல் இதைவிடப் பெரிது. பாட்டின் பெயர் சரியாக இருக்கும், பாட்டு அதுவாக இருக்காது. நாகூர் ஈ.எம். ஹனீபாவின் 'இறைவனிடம் கையேந்துங்கள்' என்று கேட்டால் அவருடைய இசைத்தட்டுக் குரல் வரலாம், வயது போன பிறகு மேடையில் பாடியது வரலாம், வேறொருவர் கீபோர்ட் வைத்துப் பாடியதும் வரலாம். ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' இன்னும் மோசம். அவர் பாடியது, தமிழ் சினிமாவில் வேறு குரலில் வந்தது, பாண்ட் குழுக்கள் மேடையில் இழுத்துப் பாடியது, பிறகு அடித்த ரீமிக்ஸ் எல்லாம் ஒரே பெயரில் கிடக்கும். நூறு பாட்டுக் கேட்கிறவருக்கு ஒன்று மாறினால் பரவாயில்லை. ஒன்றையே கேட்கிறவருக்கு ஒரு ஆலாபனை குறைந்தாலும் அது அந்தப் பாட்டு அல்ல. ஆகவே கடையில் பெயரை மட்டும் சொல்லி நிற்கக்கூடாது. ஆண் குரலா சோடிப் பாட்டா, தொடக்கத்தில் புல்லாங்குழலா வயலினா, நடுவில் வசனம் வருமா என்று சொல்ல வேண்டும். நினைவில் உள்ளபடி முதல் இரண்டு வரியை முணுமுணுத்துக் காட்டினால் இன்னும் நல்லது. வானொலியில் கேட்டுப் பழகியவர்கள் ஒன்றை மறந்துவிடுவார்கள்: நேயர் விருப்பத்தில் பல பாட்டு முழுதாகப் போனதில்லை, கடைசிச் சரணத்துக்கு முன்னமே அறிவிப்பாளர் குரல் வந்துவிடும். முழுப் பாட்டைக் கேட்டதும் "இது வேற" என்று தோன்றுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடையை விட்டு இறங்குமுன் மூன்று இடத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும். முதல் பத்து விநாடி, ஏதாவது ஒரு சரணத்தின் நடு, கடைசிப் பத்து விநாடி. முதலில் யூடியூப் சனலின் விளம்பரக் குரல் ஒட்டியிருக்கும். கடைசியில் பாட்டு சட்டென்று வெட்டுப்பட்டிருக்கும். நடுவில் குரல் மெலிந்து கீச்சென்று வந்தால் வேகம் கூடியிருக்கிறது என்று அர்த்தம். பழைய கசெட் டெக்கில் மோட்டார் வேகம் தவறியிருந்தால் அந்தப் பிழையோடுதான் கொம்பியூட்டருக்குள் போகும். பதிப்புரிமைச் சோதனையில் பிடிபடாமலிருக்கச் சுருதியை வேண்டுமென்றே மாற்றி ஏற்றிய பாட்டுகளும் உண்டு. 3 சதவீதம் வேகம் கூடினால் சுருதி ஒரு ஸ்வரஸ்தானத்தில் (கீபோர்டில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் உள்ள இடைவெளி) ஏறக்குறைய பாதி ஏறும், 4 நிமிடம் 30 விநாடிப் பாட்டு 8 விநாடி குறையும். ஆகவே நல்ல பிரதி ஒன்றின் நீளத்தை எழுதிக்கொண்டு போனால், காது ஏமாந்தாலும் கணக்கு ஏமாறாது. இப்படி மாறிய பாட்டை ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் வேகத்தை 3 சதவீதம் குறைத்து ஓரளவு நேராக்கலாம். ஐந்து நிமிட வேலைதான். கேட்டால் செய்து தருகிற தம்பிமார் இருக்கிறார்கள், ஆனால் கேட்க வேண்டும்.

தரத்தைப் பற்றி ஒரு பொய் எல்லா இடத்திலும் நடக்கிறது. '320' என்று காட்டினால் நல்ல பிரதி என்று நம்பிவிடுகிறோம். 128 கேபிபிஎஸ்ஸில் (ஒரு விநாடிப் பாட்டுக்குச் செலவாகும் தரவின் அளவு) ஒரு நிமிடப் பாட்டு ஏறக்குறைய 1 எம்பி, 320இல் 2.4 எம்பி. 128இல் இருந்ததை 320ஆக மாற்றினால் ஃபைல் பெருக்குமே தவிர, போன ஒலி திரும்பி வராது. தாளத்தட்டுச் சத்தம் தண்ணீருக்குள் கேட்பதுபோல் சளசளத்தால், எண் எதைக் காட்டினாலும் அது நசுங்கிய பிரதிதான். ஒரே ஒரு பாட்டு என்பதால் இடப் பிரச்சினையே இல்லை. சீடி இருந்தால் அதிலிருந்து நேரே 320இல் எடுத்துத் தரச் சொல்லலாம். பழைய சீடிகளை இன்னும் எறியாமல் வைத்திருக்கிற கடைக்கு இந்த ஒரு காரணத்துக்காகவே போகலாம்.

சிப்பைத் தயார்செய்வதில்தான் அதிகம் பிழை நடக்கிறது. மலிவான பொக்ஸுகள் பெரும்பாலும் ஃபாட்32 முறையில் ஃபோர்மட் செய்ததை மட்டுமே வாசிக்கும். 64 ஜிபி சிப் வாங்கினால் அது எக்ஸ்ஃபாட் என்ற வேறு முறையில் வரும், பொக்ஸ் ஊமையாக நிற்கும். கடைக்காரர் சிப் பழுது என்று இன்னொன்றை விற்கப் பார்ப்பார். பழுதில்லை, ஃபோர்மட்டை மாற்றினால் போதும். ஒரு பாட்டுக்கு 4 ஜிபி சிப்பே அளவுக்கு மிஞ்சியது, பழைய ஃபோனிலிருந்து கழற்றிய 2 ஜிபி இருந்தால் அதுவே நல்லது. யூடியூபிலிருந்து இறங்கியது பலமுறை எம்4ஏ ஆக இருக்கும். அதன் வாலை மட்டும் எம்பி3 என்று மாற்றி எழுதிக் கொடுத்தால் பல பொக்ஸுகளில் ஓடாது, முறையாக மாற்ற வேண்டும். பாட்டோடு பெரிய அட்டைப்படம் ஒட்டியிருந்தால் சில பொக்ஸ் தொடங்கவே சில விநாடி எடுக்கும், படத்தை நீக்கச் சொல்லுங்கள். திரையுள்ள பொக்ஸில் தமிழ்ப் பெயர் கட்டம் கட்டமாகத் தெரியும். அது பழுதல்ல, அந்தத் திரைக்குத் தமிழ் எழுத்து இல்லை.

சிப்பில் அந்தப் பாட்டைத் தவிர வேறொன்றும் போடாமல் விட்டால் சோலி முடிந்தது. பெரும்பாலான பொக்ஸில் முடிந்ததும் தானே திரும்பத் தொடங்கும், ரிப்பீட் பட்டன் தேடத் தேவையில்லை. வேறு பாட்டும் வேண்டுமென்றால் சிப்பை ஃபோர்மட் பண்ணி, விருப்பப் பாட்டை முதலாவதாகக் கொப்பி பண்ணிவிட்டு, மறுகா மற்றதைப் போடச் சொல்ல வேண்டும். பல மலிவுப் பொக்ஸுகள் எழுத்து வரிசையைப் பார்ப்பதில்லை, எது முதலில் கொப்பியானதோ அதைத்தான் முதலாவது என்று எடுக்கும். பெயருக்கு முன்னால் 01 என்று போட்டும் பாட்டு ஐம்பதாவதாக வருகிற மர்மம் இதுதான். இலக்கம் உள்ள ரிமோட் கிடைக்கிற பொக்ஸ் என்றால் 1 என்று அமுக்கினாலே அங்கே போகும்.

பொக்ஸையும் அதே கடைகள்தான் விற்கின்றன. சத்தம் எவ்வளவு என்று பார்ப்பதைவிட மின்கலம் கழற்றக்கூடியதா என்று பார்ப்பது முக்கியம். பழைய நொக்கியா ஃபோனில் வந்த பிஎல்-5சி வகையோ, உருளையான 18650 வகையோ என்றால் எந்த ஊரிலும் மாற்றலாம். உள்ளே ஒட்டி மூடியது போனால் பொக்ஸும் போனது. சார்ஜ் ஏறும்போதே பாட்டுப் போட்டால் சிலதில் 'ம்ம்' என்று இரைச்சல் வரும், மலிவுச் சார்ஜர்தான் பெரும்பாலும் காரணம். கடலும் வாவியும் அணைத்த ஊரில் உப்புக் காற்று யூஎஸ்பி வாயைச் சீக்கிரம் கறுக்க வைக்கும். பென் ட்ரைவின் பித்தளை நிறப் பட்டைகளைப் பென்சில் அழிறப்பரால் மெல்லத் தேய்த்துத் துடைத்தால் பெரும்பாலும் திரும்ப வாசிக்கும்.

வயரால் இணைத்துக் கேட்கிறவர்கள் ஒரு கோளாறைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். வாத்தியமெல்லாம் கேட்கும், பாடகரின் குரல் மட்டும் எங்கோ கிணற்றுக்குள் போனதுபோல் இருக்கும். கடையில் பாட்டைக் கெடுத்துவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள். ஜாக் முழுக்க உள்ளே போகவில்லை, அல்லது அதன் எர்த் வயர் அறுந்திருக்கிறது. அப்போது இடம், வலம் இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். இரண்டிலும் சமமாக இருப்பது குரல்தான், அதனால் அதுதான் அழியும்.

கோயில் லவுட்ஸ்பீக்கர் செற்காரருக்குக் கொடுக்க அடிப்பவர்கள் தனியாகச் சொல்ல வேண்டும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கும், ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயில், திருக்கோவில் ஊர்ப் பக்கமும் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு ஒன்றை ஊரே எதிர்பார்த்திருக்கும். புனல் ஸ்பீக்கருக்கு அடித்தொனி ஏறாது, பாஸ் கூட்டிய ரீமிக்ஸ் அதில் கரகரக்கும். பழைய மோனோப் பதிவை (இடம், வலம் இரண்டிலும் ஒரே ஒலி) கேட்டு வாங்குங்கள். ஸ்டீரியோ என்றால் இரண்டு பக்கத்தையும் சேர்த்து மோனோவாக்கித் தரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒரு பக்க வயரை மட்டும் கொழுவும்போது பாட்டில் பாதி காணாமல் போகும்.

ஃபோனில் ஸ்பொட்டிஃபை இருக்கிறதே என்று கேட்கலாம். 2021 முதல் இலங்கையில் கிடைக்கிறது, சரியான பதிப்பைக் கண்டுபிடிக்க நல்ல இடமும்கூட. வெளியான ஆண்டும் அல்பமும் பார்க்கலாம் என்றாலும், பழைய பாட்டுக்கு அந்த ஆண்டு மறுவெளியீட்டு ஆண்டாகவும் இருக்கும். ஆனால் அதில் இறக்கிய பாட்டு அந்த அப்புக்குள்ளேயே பூட்டியிருக்கும், சிப்புக்கு வராது. ப்ளூடூத்தில் பொக்ஸுக்கு அனுப்பலாம், வீட்டில் ஃபோன் பாவிக்கிற ஆள் இருந்தால் போதும். கடை அடித்துத் தருவது பெரும்பாலும் உரிமை பெறாத பிரதி என்பதையும் மறைக்கத் தேவையில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டில் இருக்கிறது. நம் பகுதிப் பாடகரின் பாட்டு என்றால் சீடியை அவரிடமே காசு கொடுத்து வாங்கி, அதைக் கடையில் சிப்புக்கு மாற்றி எடுப்பதே நேர்மை. தரமும் அதில்தான் கூட.

எந்தக் கடைக்குப் போகலாம் என்றால், "எந்தப் படம்? ஆர் பாடினது? எந்தப் பொக்ஸில போடப் போறீங்க?" என்று மூன்று கேள்வி கேட்கிற கடைக்கு. காதுக்கு ஹெட்போன் தந்து கேட்க விடுகிற கடை அதைவிடத் திறம். அடித்தபின் தன் பொக்ஸில் போட்டுக் காட்டுகிறவர்கள் அதிகம், அது போதாது. உங்கள் பொக்ஸையே கொண்டுபோங்கள். மதியத்துக்கு முந்திய நேரம் நல்லது. பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஃபோட்டோக் கொப்பிக்கும் ரீலோடுக்கும் சனம் நிற்கும், யாருக்கும் ஒரு பாட்டுத் தேட நேரம் இருக்காது. ஒரு பாட்டுக்கும் ஒரு ஃபோல்டருக்கும் ஒரே காசு கேட்டாலும் கொடுங்கள், தேடி எடுக்கிற கூலி அது. சரியான பாட்டுக் கிடைத்ததும் இரண்டு சிப்பில் அடித்து, ஒன்றை டப்பாவில் போட்டு வைத்துவிடுங்கள்.

அம்மம்மாவுக்கோ மூத்தம்மாவுக்கோ கொடுக்கிற பொக்ஸ் என்றால் இன்னொரு வேலை இருக்கிறது. எட்டுப் பட்டனில் எது பாட்டைத் தொடக்கும் என்று அவர்களுக்கு ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அந்த ஒரு பட்டனில் சிவப்பு நெயில் பொலிஷால் ஒரு பொட்டு வைத்து, காயவிட்டுக் கொடுங்கள்.