பெரம்பூர் சனிக்கிழமை வகுப்பு: எட்டு வாரமும் ஒரே கேள்வி, இயேசு யார்?

பெரம்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு சிறிய சபை. அங்கே சனிக்கிழமை மாலைகளில் ஒரு வகுப்பு நடத்துகிறார்கள். இயேசு கிறிஸ்து யார் என்பது மட்டும்தான் பாடம். எட்டு வாரம், ஆறரையிலிருந்து எட்டு மணி வரை. கட்டணம் கிடையாது, நோட்ஸ் அச்சடிக்க மட்டும் 150 ரூபாய் வாங்கிக்கொள்கிறார்கள். எந்தச் சபைக்காரரும் வரலாம், கிறிஸ்தவர் அல்லாதவரும் வரலாம். விளம்பரம் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், அதனால் சபையின் பெயரைப் போடவில்லை. ஆனால் இப்படி ஒரு வகுப்பு எப்படி இருக்க வேண்டும், எங்கே சறுக்குகிறது என்பதை எழுதினால் மற்ற சபைகளுக்கும் உதவும்.

எனக்குப் புரசைவாக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை. கூட வேலை பார்க்கும் பெண்கள் மனதில் பட்டதைக் கேட்டுவிடுவார்கள். "அக்கா, இயேசு சாமியா, சாமியோட புள்ளையா? ரெண்டும்னா அது எப்படி?" கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்கள். அவர்களுக்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டும் என்றுதான் இந்த வகுப்பில் சேர்ந்தேன்.

பாடம் நடத்துபவர் ஓய்வுபெற்ற இறையியல் ஆசிரியர். எல்லோருக்கும் அவர் ‘ஐயா’தான். அவருடைய பெரிய நல்ல முடிவு, சங்கங்கள் (ஆயர்கள் கூடி முடிவெடுத்த பழைய கூட்டங்கள்), விசுவாசப் பிரமாணங்கள் எதையும் முதலில் எடுக்காமல் மாற்கு சுவிசேஷத்திலிருந்து ஆரம்பித்தது. முதல் மாலை முழுக்க நாலாம் அதிகாரத்தின் கடைசி ஏழு வசனங்கள்தான். படகில் தண்ணீர் நிரம்புகிறது, சீஷர்கள் பதறுகிறார்கள், இயேசுவோ பின்பக்கத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். ஐயா அங்கேயே நிறுத்தி, காசிமேட்டிலிருந்து வந்த ஒரு அண்ணனைப் பார்த்து, "அலையில தூக்கம் வருமா?" என்று கேட்டார். அந்த அண்ணன், "சாதாரணமா வராதுங்கய்யா. ராத்திரி பகலா வலை இழுத்து உடம்பு சுத்தமா விட்டுப்போனா வரும்" என்றார். யோசிக்காமல், தன் அனுபவத்திலிருந்து சொன்னார். நாள் முழுக்க ஜனங்களுக்குப் போதித்துக் களைத்துப்போன ஒரு மனுஷனை அப்போதுதான் நான் கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது.

அடுத்த வசனத்தில் அதே ஆள் எழுந்து காற்றை அதட்டுகிறார். காற்று நின்றுபோகிறது. ஐயா உடனே 107-ஆம் சங்கீதத்தைத் திருப்பச் சொன்னார். கடலில் தத்தளிக்கிறவர்கள் கர்த்தரைக் கூப்பிட, அவர் புயலை அமர்த்தி அலைகளை அடக்குகிறார் என்று அங்கே இருக்கிறது. யூதர்களுக்கு அது தேவன் மட்டுமே செய்கிற வேலை. அதனால்தான் சீஷர்கள் புயலின்போது பயந்ததைவிட அது ஓய்ந்த பிறகு அதிகமாகப் பயப்படுகிறார்கள்: "இவர் யாரோ? காற்றும் கடலும் இவருக்குக் கீழ்ப்படிகிறதே." தூங்குகிற மனிதனும் கடலை அடக்குகிற தேவனும் ஒரே ஆள், ஒரே படகில். அந்த மாலை ஐயா எந்த முடிவும் சொல்லவில்லை. கேள்வியோடுதான் வீட்டுக்கு அனுப்பினார்.

இரண்டாம், மூன்றாம் வாரமும் இதே பாணிதான். கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரனிடம் இயேசு, உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்கிறார். அதைத் தேவனைத் தவிர வேறு யாரால் மன்னிக்க முடியும் என்று வேதபாரகர், அதாவது யூத வேத அறிஞர்கள், நினைக்கிறார்கள். அவர்கள் கேட்டது சரியான கேள்வி என்றார் ஐயா. பிரதான ஆசாரியன் முன்னால் விசாரணைக்கு நின்றபோது இயேசு, மனுஷகுமாரன் வானத்து மேகங்களோடு வருவதைக் காண்பீர்கள் என்றாரே, அது தானியேல் 7-லிருந்து வருவது. அங்கே மேகங்களோடு வருகிறவருக்கு என்றும் அழியாத ஆளுகை கொடுக்கப்படுகிறது. தேவதூஷணம் என்று ஆசாரியன் ஏன் அங்கியைக் கிழித்தான் என்பது அதற்கப்புறம் யாருக்கும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

நாலாம் வாரம் இயேசுவின் சீஷர் தோமாவுக்கு. சென்னையில் இருந்துகொண்டு தோமாவைத் தொடாமல் இந்தப் பாடத்தை நடத்த முடியாது. சின்னமலையில் ஒளிந்திருந்தார், பரங்கிமலையில் கொல்லப்பட்டார், சாந்தோமில் அடக்கம் பண்ணப்பட்டார் என்பது இந்த ஊர் பாரம்பரியம். ஐயா அந்தக் கதைக்குள் அதிகம் போகவில்லை. யோவான் 20-ல் உயிர்த்தெழுந்த இயேசுவைப் பார்த்துத் தோமா சொன்ன "என் ஆண்டவரே! என் தேவனே!" என்பதையே பிடித்துக்கொண்டார். கொர்நேலியு என்ற ரோமப் படை அதிகாரி காலில் விழுந்தபோது பேதுரு அவனைத் தூக்கிவிட்டு, நானும் ஒரு மனுஷன்தான் என்றான். லீஸ்திரா என்ற ஊரில் தங்களுக்குப் பலி செலுத்த வந்தவர்களைப் பார்த்துப் பவுலும் பர்னபாவும் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு தடுக்க ஓடினார்கள். வெளிப்படுத்தின விசேஷத்தில் தூதன்கூட, என்னை வணங்காதே, தேவனைத் தொழுதுகொள் என்கிறான். இந்த மூன்றையும் வரிசையாக வாசிக்க வைத்துவிட்டு, "தோமாவை இயேசு தடுத்தாரா?" என்று கேட்டார். தடுக்கவில்லை. வீடு வீடாக வந்து இயேசு தேவன் அல்ல, படைக்கப்பட்டவர்களில் முதல்வர் என்று சொல்கிறவர்களிடம் பேச எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான வழி இல்லை.

ஐந்தாம் வாரம் நிசேயா. 325-ல் கான்ஸ்டன்டைன் கூட்டிய சங்கம். அந்த ஊர் இன்றைக்குத் துருக்கியில் இஸ்னிக். அந்தச் சங்கத்தில்தான் இயேசுவைத் தேவனாக்கினார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறதே, அதை ஐயா நேராக எடுத்துக்கொண்டார். பவுல் பிலிப்பியருக்கு எழுதியது சிலுவைக்கு அப்புறம் ஏறக்குறைய முப்பது வருஷத்தில். அதிலேயே, தேவனுடைய ரூபமாயிருந்தவர் தம்மைத் தாழ்த்தினார், முழங்கால் யாவும் அவர் நாமத்தில் முடங்கும் என்று இருக்கிறது. ரோம ஆளுநர் பிளினி சுமார் 112-ல் பேரரசன் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் விடிவதற்கு முன்பே கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாவித்துப் பாடுகிறார்கள் என்கிறான். அவன் கிறிஸ்தவன் அல்ல, அவர்களை விசாரித்துத் தண்டித்தவன். ஆக, சங்கம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த ஆரியு, குமாரன் இல்லாத ஒரு காலம் இருந்தது என்று போதித்ததற்குத்தான் பதில் சொன்னது. ஆரியுவை எதிர்த்த அத்தனாசியுவின் வாதத்தை ஐயா இரண்டு வரியில் சொன்னார்: குமாரன் படைக்கப்பட்டவர் என்றால் இத்தனை காலமும் சபை ஒரு சிருஷ்டியைக் கும்பிட்டிருக்கிறது, சிருஷ்டியால் இன்னொரு சிருஷ்டியை இரட்சிக்கவும் முடியாது. எனக்கு அந்த இரண்டாவது வரி போதும். இது வெறும் தத்துவச் சண்டை இல்லை, என் இரட்சிப்பைப் பற்றிய பேச்சு.

இனி குறை. ஆறாம் வாரத்தில் 431 எபேசு, 451 கல்கெதோன் என்ற இரண்டு சங்கங்களையும் ஒன்றரை மணி நேரத்தில் திணித்துவிட்டார்கள். எபேசுவாவது தப்பித்தது, அதற்கு லூர்து அன்னை கோயிலுக்குப் போகும் ஒரு அத்தைதான் காரணம். "மாதாவைக் கடவுளின் தாய்ன்னு சொல்றது தப்பான்னு என் மருமகள் சண்டை பிடிக்கிறாள்" என்றார். அந்தப் பட்டம் முதலில் மரியாளுடைய பெருமைக்காக வந்தது இல்லை, அவள் வயிற்றில் இருந்தவர் யார் என்று காப்பாற்ற வந்தது என்றார் ஐயா. பிறந்தவர் ஒரே ஆள். தேவன் ஒரு பக்கம், மனிதன் ஒரு பக்கம் என்று இரண்டு பேர் இல்லை. புராட்டஸ்டண்ட் சபையில் இதை இவ்வளவு மரியாதையாகச் சொல்லிக் கேட்டதில்லை.

கல்கெதோனுக்கு மிஞ்சியது இருபது நிமிடம். ஒரே கிறிஸ்து, தெய்வ சுபாவம், மனித சுபாவம் இரண்டும் கலவாமல், மாறாமல், பிளவுபடாமல், பிரியாமல். இதை நோட்ஸில் பார்த்து எழுதிக்கொண்டோம், அவ்வளவுதான். அந்தச் சங்கத்தை ஏற்காத சுரியானி ஆர்த்தடாக்ஸ் சபைகளும் (கேரளத்திலும் இருப்பவை) கிறிஸ்துவை முழுத் தேவன், முழு மனிதர் என்றே அறிக்கையிடுகின்றன என்று ஐயா போகிற போக்கில் சொன்னார். வகுப்பில் இரண்டு மலையாளிகள் இருந்தார்கள், அவர்களைப் பேச விட்டிருக்கலாம். சிலுவைக்கு முந்தின இரவு இயேசு ஜெபித்த கெத்செமனே தோட்டத்துக்கும் இதே கதிதான். வியர்வை இரத்தத் துளிகளாக விழ ஜெபித்தவரைப் பத்து நிமிடத்தில் கடந்துபோகக் கூடாது. அவருக்கு மனித மனம் இல்லை, அந்த இடத்தில் தெய்வ வார்த்தை இருந்தது என்று அப்பொலினாரியு என்ற ஆயர் சொன்னதை 381-ல் சபை ஏன் தள்ளியது என்று விளக்க அதைவிட நல்ல இடம் எது?

நோட்ஸும் சுமார்தான். ஜெராக்ஸ் மங்கல், எழுத்து பொடி, வசன எண் மட்டும் இருக்கிறது, வசனம் இல்லை. வயதானவர்கள் பக்கம் புரட்டுவதற்குள் பாடம் நகர்ந்துவிடுகிறது. கடையில் சனிக்கிழமைதான் கூட்டம் அதிகம், அதனால் என்னைப் போன்றவர்கள் ஆறரைக்குள் வருவது கஷ்டம். ஞாயிறு மாலை வைத்தால் இன்னும் பலர் வருவார்கள்.

ஏழாம் வாரத்துக்காகவே மறுபடியும் சேரலாம். உயிர்த்தெழுந்த இயேசு, சீஷர்கள் முன்னால் பொரித்த மீனும் தேன்கூடும் வாங்கிச் சாப்பிட்டார் என்று லூக்கா 24-ல் இருக்கிறது. ஐயா கேட்டார்: "பரலோகத்துக்குப் போனபோது அந்த உடம்பை எங்கே விட்டுட்டுப் போனார்?" யாரும் பதில் சொல்லவில்லை. விடவே இல்லை என்பதுதான் விசுவாசம். முப்பத்து சொச்சம் வருஷத்துக்கு மட்டும் மனிதராக இருந்துவிட்டுக் கழற்றிவைக்கவில்லை, இன்றைக்கும் பிதாவின் வலதுபாரிசத்தில் காயத்தழும்போடு ஒரு மனிதர் இருக்கிறார். கடையில் பெண்கள் இயேசுவும் ஒரு அவதாரம்தானே என்று கேட்கும்போது நான் இப்போது இதைத்தான் சொல்கிறேன். ஒத்துக்கொள்கிறார்களோ இல்லையோ, நின்று கேட்கிறார்கள்.

எட்டாம் வாரம் கேள்வி நேரம். கிறிஸ்தவர் அல்லாத ஒரு கல்லூரிப் பையன்தான் அதிகம் கேட்டான். ஐயா ஒன்றையும் தட்டிக்கழிக்கவில்லை. சுவிசேஷங்களைக் கொஞ்சமாவது வாசித்தவர்கள் தாராளமாகச் சேரலாம். ஒன்றுமே வாசிக்காதவர்கள் மாற்குவை மட்டும் ஒருமுறை முழுதாக வாசித்துவிட்டு வருவது நல்லது. நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பத்து வாரமாக்குங்கள், கூடுதலான இரண்டையும் கல்கெதோனுக்கும் கெத்செமனேக்கும் கொடுங்கள். 150-க்குப் பதில் 250 வாங்கி நோட்ஸைப் பெரிய எழுத்தில் வசனத்தோடு அச்சடித்தாலும் யாரும் குறை சொல்ல மாட்டோம்.