ரொக்கமா, தவணையா? 1925-இல் ஃபோர்டும் ஷெவர்லேயும்

1920-களின் நடுவில் ஓர் அமெரிக்கக் குடும்பம் முதன்முதலாகக் கார் வாங்க நினைத்தால், பெரும்பாலும் இரண்டு பெயர்கள்தான் பேச்சில் அடிபடும். ஒன்று ஃபோர்டின் மாடல் டி. இன்னொன்று ஜெனரல் மோட்டார்ஸின் ஷெவர்லே. இந்தப் போட்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் வண்டியின் நிறத்தையும் உருவத்தையும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அதெல்லாம் முக்கியம்தான். ஆனால் போட்டியின் போக்கைத் தீர்மானித்ததில் பெரிய பங்கு பணம் கட்டும் முறைக்கு உண்டு என்பது என் கருத்து. அந்த முறைதான் வண்டியைத் தாண்டி வீட்டுக்குள்ளும் நுழைந்து குடும்பக் கணக்கையே மாற்றியது.

முதலில் விலையைப் பார்ப்போம். மாடல் டி 1908-இல் வந்தபோது 850 டாலர். நகரும் வரிசையில் வண்டியைப் பூட்டும் முறை 1913-இல் வந்த பிறகு விலை இறங்கிக்கொண்டே போனது. 1925 வாக்கில் ஐந்து பேர் உட்காரும் திறந்த டூரிங் வண்டி 290 டாலர், இரண்டு பேருக்கான ரன்அபவுட் 260 டாலர். செல்ஃப் ஸ்டார்ட்டர் வேண்டுமென்றால் தனிக் காசு. அதே சமயத்தில் ஷெவர்லே டூரிங் 500 டாலரைத் தாண்டி நின்றது. விலை மட்டும்தான் கணக்கு என்றால் பேச்சே இல்லை, ஃபோர்டுதான்.

ஓட்டிப் பார்த்தால் கதை வேறு. 1926 மாடலுக்கு முந்தைய மாடல் டி-யில் பெட்ரோல் அளவைப் பார்க்க முன்சீட்டின் திண்டைத் தூக்கி, கீழே இருக்கும் டாங்க் மூடியைத் திருகி, ஒரு குச்சியை உள்ளே விட்டு நனைந்த அளவைப் பார்க்க வேண்டும். பெட்ரோல் பம்ப் கிடையாது. எரிபொருள் மேலிருந்து கீழே தானாக வழிந்து இன்ஜினுக்குப் போகும். டாங்கில் கொஞ்சமே மிச்சம், எதிரே செங்குத்தான மேடு என்றால் வண்டியைத் திருப்பி ரிவர்ஸிலேயே ஏற்றுவார்கள். ஸ்டார்ட்டர் இல்லாத வண்டியை முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். அதற்கு முன், இன்ஜினில் தீப்பொறி எழும் நேரத்தை மாற்றும் ஸ்பார்க் நெம்புகோலை மேலே தள்ளி வைக்க மறந்தால் கைப்பிடி எதிர்ப்பக்கம் உதைக்கும். அப்படிக் கையை உடைத்துக்கொண்டவர்கள் ஏராளம்.

ஆனாலும் மாடல் டி-யைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. மேடுபள்ளமான மண் சாலைக்கு அதன் உயரமும் வளைந்து கொடுக்கும் சட்டமும் கச்சிதமாகப் பொருந்தின. விவசாயி தன் வீட்டு வாசலிலேயே அதைப் பிரித்துப் பூட்டுவார். பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி பெல்ட் மாட்டினால் மரம் அறுக்கும், தண்ணீர் இறைக்கும். தெற்கிலும் மத்திய மேற்கிலும் கிராமத்துத் தனிமையை உடைத்ததில் இந்த வண்டிக்கு இருக்கும் இடம் வேறு எதற்கும் இல்லை.

ஷெவர்லே குறிவைத்தது வேறு ஆட்களை. 1925-இன் ‘கே’ மாடலில் ஸ்டார்ட்டர் உண்டு, மூன்று கியர் உண்டு, டூபாண்ட் நிறுவனத்தின் டூக்கோ பெயின்ட்டும் உண்டு. டூக்கோ சீக்கிரம் காயும், அதனால் தொழிற்சாலையில் பல நிறங்களைத் தர முடிந்தது. மாடல் டி 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே கிடைத்தது. இதைவிடப் பெரிய மாற்றம் மூடிய கார். 1919-இல் அமெரிக்காவில் விற்ற கார்களில் சுமார் 10 சதவீதம்தான் கூரையும் கண்ணாடியுமாக மூடியவை. 1927-இல் அது சுமார் 85 சதவீதம். மழையிலும் குளிரிலும் குடும்பத்தோடு போகலாம், பெண்கள் கைப்பிடி சுற்றாமல் தாங்களே வண்டியை எடுக்கலாம் என்றானது. மாடல் டி-யின் லேசான சட்டத்துக்கு மூடிய உடற்பகுதி பாரமாகத்தான் இருந்தது.

சரி, ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை வண்டியை வாரச் சம்பளக்காரர் எப்படி வாங்கினார்?

ஜெனரல் மோட்டார்ஸ் 1919-இலேயே ஜி.எம்.ஏ.சி. என்ற கடன் நிறுவனத்தைத் தொடங்கிவிட்டது. வாங்குபவர் மூன்றில் ஒரு பங்கை முன்பணமாகக் கட்டுவார், மீதியைப் பன்னிரண்டு மாதத் தவணையில் அடைப்பார். டீலர் குளிர்காலத்தில் வண்டிகளை வாங்கி அடுக்கி வைக்கவும் அதே நிறுவனம் கடன் கொடுத்தது. ஹென்றி ஃபோர்டுக்குக் கடனும் பிடிக்காது, வங்கிக்காரர்களையும் பிடிக்காது. 1920-21 பொருளாதார மந்தத்தில் டீலர்கள் தலையில் வண்டிகளை இறக்கி ரொக்கம் கேட்டார். அவர்கள் உள்ளூர் வங்கிகளில் கடன் வாங்கித்தான் கட்டினார்கள்.

அப்புறம் 1923-இல் ஃபோர்டு தன் பதிலைக் கொண்டுவந்தார். வாராந்தரக் கொள்முதல் திட்டம் என்று பெயர். வாரம் 5 டாலர் வீதம் டீலர் வழியாக வங்கியில் சேர்த்துவர வேண்டும். வட்டியும் சேரும். விலை முழுவதும் சேர்ந்ததும் வண்டி கைக்கு வரும். நம் ஊர் நகைக்கடைச் சேமிப்புச் சீட்டு மாதிரிதான்: பணம் முதலில், பொருள் கடைசியில்.

இந்த இரண்டையும் ஒரு கணக்கில் வைத்துப் பார்க்கலாம். வாரம் 30 டாலர் சம்பளம் வாங்கும் ஒருவர் 290 டாலர் ஃபோர்டுக்குச் சேர்க்கிறார். வட்டியை விட்டுவிட்டால் 58 வாரம் ஆகும், ஓர் ஆண்டுக்கும் மேல். அதுவரை நடைதான். அவரே 520 டாலர் ஷெவர்லேயைத் தவணையில் எடுத்தால், கையிருப்பில் சுமார் 175 டாலர் முன்பணம், பிறகு கட்டணத்தோடு மாதம் 30 டாலருக்குச் சற்று மேல். சம்பளத்தில் கால்வாசி போய்விடும். ஆனால் முதல் நாளே வண்டி வாசலில் நிற்கும். ஃபோர்டுக்குச் சேர்த்தவர் வண்டியை எடுக்கும் நேரத்தில் இவர் கடனையே அடைத்து முடித்திருப்பார். ஃபோர்டு திட்டத்தில் சேர்ந்தவர்களிலும் பலர் கடைசிவரை சேர்த்து வண்டி எடுக்கவில்லை. மாடல் டி வாங்கிய பலருமே வெளிக் கடன் நிறுவனங்களிடம் தவணைக்குப் போனார்கள். 1920-களின் நடுவில் கார்களில் நான்கில் மூன்று தவணையில்தான் விற்றன.

கடன் என்றால் தலைகுனிவு என்று நினைத்த தலைமுறை இவ்வளவு சீக்கிரம் மாறியதுதான் என்னை இந்தக் காலத்தை விடாமல் படிக்க வைக்கிறது. 1924-25-இல் இந்தியானா மாநிலத்தின் மன்சி நகரில் சமூகவியல் ஆய்வாளர்களான ராபர்ட் லிண்டும் ஹெலன் லிண்டும் வீடு வீடாக ஆய்வு செய்தார்கள். கார் வைத்திருந்தும் பாழடைந்த தோற்றமுள்ள வீடுகளில் வசித்த 26 குடும்பங்களைக் கேட்டதில், 21 வீட்டில் குளியல் தொட்டி இல்லை. அந்தக் குடும்பங்களை ஊதாரிகள் என்று சொல்வது தவறு. தொட்டி வீட்டுக்குள் கிடக்கும். வண்டியோ வேலைக்குப் போக, உறவினரைப் பார்க்க, ஞாயிற்றுக்கிழமை ஊரை விட்டு வெளியே போக வழி திறக்கும். அவர்கள் யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

1927-இல் ஷெவர்லே ஃபோர்டை முந்தியது. அந்த ஆண்டு மே மாதம் 1.5 கோடியாவது மாடல் டி வெளிவந்ததோடு ஃபோர்டு அதன் உற்பத்தியை நிறுத்தினார். புது வண்டிக்காகத் தொழிற்சாலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடக்க, டெட்ராய்ட்டில் பல்லாயிரம் தொழிலாளர்கள் வேலையில்லாமல் நின்றார்கள். டிசம்பரில் மாடல் ஏ வந்தது, பல நிறங்களில். 1928-இல் ஃபோர்டும் சொந்தக் கடன் நிறுவனம் தொடங்கினார்.

தவணையின் கடுமையையும் சொல்லியாக வேண்டும். கடன் அடைந்து முடியும்வரை வண்டி உங்களுடையது ஆகாது. தவணை தவறினால் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள், அதுவரை கட்டியது பெரும்பாலும் போனது போனதுதான். 1930-இல் வேலை ஆட்டம் கண்டபோது, பாதி கட்டிய வண்டியைக் காப்பாற்ற மக்கள் மற்ற செலவுகளை எல்லாம் சுருக்கினார்கள் என்று சில பொருளாதார வரலாற்று ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படுகிறது. புதுப் பொருள் வாங்குவது நின்றால் கடையும் ஆலையும் படுக்கும். 1929-இல் சுமார் 45 லட்சம் கார்கள் தயாரித்த நாடு 1932-இல் 11 லட்சத்தோடு நின்றது.

1925-இல் யாராவது என்னிடம் யோசனை கேட்டிருந்தால், பதில் ஆளைப் பொறுத்தது. அறுவடைக்கு அறுவடை கையில் காசு பார்க்கும் விவசாயி மாதத் தவணைப் பக்கமே போக வேண்டாம். ரொக்கத்துக்கு மாடல் டி, முடிந்தால் பழைய வண்டியாக. நிலையான சம்பளம் வரும் நகரத்துக் குடும்பத்துக்கு மூடிய ஷெவர்லேயைத்தான் சொல்வேன், ஆனால் முன்பணம் பாதிக்குமேல் கட்டி, மீதியை ஆறே மாதத்தில் அடைத்துவிடச் சொல்லி.