மருந்தைத் தாங்கும் நெல் என்று விற்கிறார்கள்: கிருஷ்ணகிரி, தர்மபுரி விவசாயிகள் கவனத்துக்கு

ரூ. 33,400 போய்விட்டது. இரண்டு ஏக்கர் நெல் கருகிக் கிடக்கிறது. களைக்கொல்லி மருந்தைத் தாங்கும் என்று சொல்லி விற்ற விதை அது. மீதி இருந்ததைத் தட்டில் முளைக்க வைத்து, வயலில் அடித்த அதே வகை மருந்தை அடித்துப் பார்த்தோம். நேற்று அதுவும் செத்துவிட்டது. இனி சந்தேகத்துக்கே இடமில்லை, ஏமாற்றித்தான் விற்றிருக்கிறார்கள். கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன், அங்கங்கே முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வயல் பாரூர் ஏரிப் பாசனத்தில் இருக்கிறது. இந்தப் பக்கம் நெல் வைப்பவர்களுக்குக் களையெடுப்பு எவ்வளவு பெரிய பாடு என்று தெரியும். காலையில் கம்பெனி பஸ் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. நடவுக்கும் ஆள் இல்லை, களைக்கும் ஆள் இல்லை. நடவை விட்டுவிட்டு நேரடியாக விதைத்தாலோ நெல்லோடு சேர்ந்து குதிரைவாலிப் புல்லும் கோரையும் முளைத்துக்கொண்டு வருகின்றன. அதனால் இமாசெதாபைர் என்ற களைக்கொல்லி மருந்தைத் தாங்கும் நெல் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும், விசாரிக்கலாம் என்று டவுனில் உள்ள ஒரு விதை, உர, மருந்துக் கடைக்கு அப்பாவோடு போனேன். புகார் கொடுக்கப் போகிறோம், அதனால் கடையின் பெயரை இங்கே போடவில்லை.

அப்படி ஒரு நெல் உண்மையிலேயே இருக்கிறது. இதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அந்த உண்மையைக் காட்டித்தான் இந்தப் பொய்யை விற்கிறார்கள். 2021-ல் டெல்லியில் உள்ள பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் பூசா பாஸ்மதி 1979, பூசா பாஸ்மதி 1985 என்று இரண்டு ரகங்களை வெளியிட்டது. வெளியிலிருந்து மரபணுவைப் புகுத்திச் செய்தவை அல்ல. நாகினா 22 என்ற பழைய ரகத்தில் சடுதி மாற்றத்தால் கிடைத்த குணத்தைக் கலப்பினம் மூலம் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆனால் இரண்டுமே வடக்கே பாஸ்மதி விளையும் பகுதிகளுக்கானவை. இது தவிர தனியார் வீரிய ரகங்களும் உண்டு.

இமாசெதாபைர் நமக்குப் புதிய மருந்து இல்லை. கொல்லையில் நிலக்கடலைக்கு அடிப்பதுதான். புல்லைக் கொல்லும், சாதாரண நெல்லில் பட்டால் நெல்லையும் கொல்லும். அப்பா கடையில் கேட்ட முதல் கேள்வியே அதுதான். "கடலைக்கு அடிக்கிற மருந்தாச்சே, நெல்லு நிக்குமாப்பா?"

கடைக்காரர் அதற்குச் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. "ஐயா, உங்களுக்குப் போய் நான் தப்பான சரக்கு தருவேனா? உங்க காலத்துல இருந்து நம்ம கடைதானே?" என்று சொல்லி, போனை எடுத்து ஒரு வீடியோ காட்டினார். பச்சைப் பசேல் என்று நெல், நடுவில் புல் மட்டும் மஞ்சளாகிக் கிடந்தது. எந்த ஊர் வயல் என்றதற்கு, "நம்ம காவேரிப்பட்டணம் பக்கம்தான்க்கா, வேணும்னா கூட்டிட்டுப் போறேன்" என்றார். டீ வரவழைத்தார். எங்கள் வயலில் என்ன களை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டார். இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறாரே என்று நம்பினோம். நம்பிக்கை வருகிற மாதிரிப் பேசுவதுதான் அவர் தொழில் என்று இப்போது தெரிகிறது.

விதை 20 கிலோ, கிலோ 420 வீதம் ரூ. 8,400. கூடவே "காம்போ" என்று ஏக்கருக்கு ஒரு பெட்டி, இரண்டுக்கும் ரூ. 4,600. பெட்டிக்குள் மூன்று களைக்கொல்லிகள்: இமாசெதாபைர், பிஸ்பைரிபேக் சோடியம், ஒரு பாக்கெட் 2,4-டி. மூன்றையும் ஒரே டேங்கில் கலந்து, விதைத்த இருபதாம் நாளுக்குள் அடித்துவிட்டால் அறுப்பு வரை வயலில் இறங்கவே வேண்டாம் என்றார். பில் கேட்டேன். மிஷின் ரிப்பேர் என்று கையால் எழுதிய ஒரு எஸ்டிமேட்டைக் கொடுத்தார். "நெல் விதை, மருந்து" என்று மட்டும்தான் இருந்தது. ரகம் இல்லை, எந்தத் தொகுதி விதை என்று காட்டும் லாட் எண் இல்லை. பில் அப்புறம் வாட்ஸ்அப்பில் வரும் என்றார். இன்று வரை வரவில்லை.

அடித்த மூன்றாம் நாள் வளர்ச்சி நின்றது. அப்புறம் குருத்து வெளிறியது, இலை ஓரம் செம்பழுப்பாக மாறியது. நடுக்குருத்தைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்தது. இந்த மருந்து அப்படித்தான் கொல்லும். செடி புரதம் செய்யத் தேவையான மூன்று அமினோ அமிலங்களை உண்டாக்கும் ஒரு நொதியை அடைத்துவிடும். அதனால் ஒரே நாளில் சாகாது, குருத்திலிருந்து மெல்ல மெல்லப் பட்டினி கிடந்து சாகும். கடைக்காரர்களுக்கு வசதியாகப் போவது இந்தத் தாமதம்தான். போன் செய்தபோது, "இது ஷாக்குக்கா, எல்லா வயல்லயும் வரும், பத்து நாள்ல பச்சை திரும்பிடும்" என்றார். அமினோ அமில டானிக் ஒன்று அடிக்கச் சொல்லி அதற்கும் ரூ. 1,450 வாங்கினார். செத்துக்கொண்டிருக்கிற பயிரைக் காட்டி இன்னொரு பாட்டில் விற்றதை நினைத்தால்தான் எனக்கு ஆறவே இல்லை.

அதற்குப் பிறகு சொன்ன காரணங்களைக் கேளுங்கள். ஏரித் தண்ணீர் சரியில்லை. ஸ்பிரேயரில் பழைய மருந்து ஒட்டியிருந்திருக்கும். வெயிலில் அடித்திருப்பீர்கள். கம்பெனி ஆள் ஓசூரில் மீட்டிங்கில் இருக்கிறார், திங்கட்கிழமை வருவார். திங்கள் வந்தது, ஆள் வரவில்லை. வயல் போட்டோ அனுப்பினேன், பார்த்துவிட்டுப் பதில் இல்லை. நேரில் போனால் கடைப் பையன், "அண்ணன் வெளிய போயிருக்காருக்கா" என்கிறான், உள்ளே அவர் பேசுகிற சத்தம் கேட்கிறது. கடைசியில் அப்பா போய் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் வெளியே வந்து, "விதைய நாங்களா செஞ்சோம்? வந்தத வித்தோம். பில்லு இருந்தா கேஸ் போட்டுக்கோங்க" என்றார். பில் கொடுக்காதவர் பேசுகிற பேச்சு இது.

பையூர் பக்கம் போய் விவரம் தெரிந்தவர்களிடம் செடியை வேரோடு காட்டினோம். மருந்து படாத வரப்போரம் நெல் பச்சையாக நிற்கிறதா என்று கேட்டார்கள். நிற்கிறது. அப்படியானால் தண்ணீரும் மண்ணும் காரணம் இல்லை. வயல் நடுவிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில பயிர் சேதமில்லாமல் நிற்கின்றன. அவை மட்டும் தாங்கும் விதையாக இருக்கலாம், சாதாரண நெல்லோடு கொஞ்சம் நல்ல விதையைக் கலந்து மூட்டை கட்டியிருக்கலாம் என்றார்கள். மீதி விதையைத் தட்டில் போட்டு, வேறு கடையில் தனியாக வாங்கிய மருந்தை அளவோடு அடித்துப் பார்க்கச் சொன்னதும் அவர்கள்தான்.

அந்தப் பெட்டியைப் பற்றி அவர்கள் விளக்கியதையும் சொல்லிவிடுகிறேன், விதை நல்லதாகவே இருந்தாலும் இது தெரிந்திருக்க வேண்டும். களைக்கொல்லிகளைச் சேர்த்துப் பயன்படுத்துவது நல்ல முறைதான். தாங்கும் நெல்லில் இமாசெதாபைர் ஒன்றையே வருடக்கணக்கில் அடித்தால் அதற்கு அசராத குதிரைவாலிப் புல் வந்துவிடும். தாங்கும் குணம் மகரந்தம் வழியாக, வயலில் தானாக முளைக்கும் களைநெல்லுக்கும் போய்விடும். 2002-ல் இதே மாதிரி நெல்லை விற்க ஆரம்பித்த அமெரிக்காவில் அப்படித்தான் நடந்தது. ஆனால் சேர்க்கும் இரண்டும் வெவ்வேறு வழியில் கொல்பவையாக இருக்க வேண்டும். இமாசெதாபைரும் பிஸ்பைரிபேக்கும் ஒரே நொதியைத்தான் அடைக்கின்றன. இரண்டையும் வாங்குவது ஒரே பூட்டுக்கு இரண்டு சாவி வாங்குகிற மாதிரி. முறையாகச் செய்வதென்றால் விதைத்த இரண்டு மூன்று நாளுக்குள் ஈர மண்ணில் பெண்டிமெத்தலின் என்ற களைக்கொல்லி, அது களையை முளையிலேயே அடக்கும். தப்பி முளைத்த களை இரண்டு மூன்று இலையில் இருக்கும்போது இமாசெதாபைர், 10 சதவீத மருந்து என்றால் ஏக்கருக்கு 400 மி.லி. அதுவும் தாங்கும் ரகம் என்று உறுதியானால் மட்டும். 2,4-டி அகன்ற இலைக்கும் கோரைக்கும் வேலை செய்யும், ஆனால் மிக இளம் நெல்லில் அடித்தால் நெல்லையே பாதிக்கும். சில புல் மருந்துகளோடு ஒரே டேங்கில் கலந்தால் புல் சாவதும் குறைந்துபோகும். பெட்டி போட்டு விற்றவருக்கு இதில் எதுவும் தெரியாது, அல்லது தெரிந்தே விற்றிருக்கிறார்.

நஷ்டக் கணக்கு: விதை, மருந்து, டானிக் என்று அந்தக் கடைக்கே ரூ. 14,450. உழவு ரூ. 6,000, விதைப்பு மிஷின் ரூ. 3,000, உரம் ரூ. 4,850, மருந்தடித்த கூலி ரூ. 1,600, வரப்பு வேலை ரூ. 3,500. மொத்தம் ரூ. 33,400. பட்டம் போனதை இதில் சேர்க்கவில்லை. இந்த மருந்து மண்ணில் மாதக்கணக்கில் தங்கும் என்பதால் உடனே தக்காளியோ கேழ்வரகோ வைக்கவும் பயம். நிலக்கடலை, பயறு மாதிரி ஏதாவது பார்க்க வேண்டும். ரூ. 33,400 எங்கள் வீட்டுக்குச் சின்னத் தொகை இல்லை.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. முக்கியமானது மட்டும்.

பில் இல்லாமல் விதையோ மருந்தோ வாங்காதீர்கள். விதை விற்பவர் ரசீது கொடுத்தே ஆக வேண்டும், 1983-ம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணையில் இருக்கிறது. ரகம், லாட் எண் இரண்டும் அதில் இருக்கட்டும். மூட்டையில் அட்டை இல்லாத விதையைத் தொடாதீர்கள். மருந்தைத் தாங்கும் என்று யார் சொன்னாலும் ஒரு பிடி விதையை முன்கூட்டியே முளைக்க வைத்து, அடித்துப் பார்த்துவிட்டு வயலுக்குப் போங்கள். லேபிளில் எழுதாத கலவையைக் கடைக்காரர் பேச்சை நம்பி டேங்கில் ஊற்றாதீர்கள். பயிர் வாடினால் அதே கடையில் டானிக் வாங்காதீர்கள், அன்றைக்கே வேளாண் அலுவலரைக் கூட்டிவந்து காட்டி எழுதி வாங்குங்கள்.

விதையால் நஷ்டப்பட்ட விவசாயியும் நுகர்வோர்தான் என்று 2012-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. எஸ்டிமேட் சீட்டு, வாட்ஸ்அப் பேச்சு, காலிச் சாக்கு, தட்டில் செத்த நாற்றின் போட்டோ எல்லாம் எடுத்துக்கொண்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும், கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கும் போகிறோம். இந்தப் பட்டத்தில் இதே மாதிரி "காம்போ" பெட்டியோடு விதை வாங்கியவர்கள் யாராவது இருந்தால் மருந்து அடிக்காமல் நிறுத்துங்கள். ஏற்கனவே அடித்திருந்தால் மீதி விதையையும் சாக்கையும் தூக்கிப் போட்டுவிடாமல் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்குத் தகவல் சொல்லுங்கள், சேர்ந்தே மனு கொடுப்போம்.